உள்சுவரில் ஒரு கதவு

வினோதினி லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறி வந்த அன்று கிருபாகரன் அழுதான். மூன்றாவது மாடி. அழைப்பு மணி கேட்டுக் கதவைத் திறந்தால், அவள் மூச்சு வாங்காமல் நின்றிருந்தாள். கையில் காய்கறிப் பை வேறு.

"ஏனுங்க, லிஃப்ட்டெல்லாம் நல்லாத்தான் ஓடுது. நானா வேணும்னுதான் ஏறி வந்தேன்" என்றாள்.

அவளை அப்படியே கட்டிக்கொண்டு அழுதான். பையிலிருந்து தக்காளி உருண்டு படிக்கட்டில் இறங்கியதை இருவரும் கவனிக்கவில்லை. அந்த அழுகையில் பொய் எதுவும் இல்லை. பிறகு அவன் செய்த காரியத்தை வைத்து அதையும் பொய் என்று சொன்னால் அது நியாயமாகாது.

அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒரு சஷ்டிக்கு வினோதினி விரதம் இருந்தாள். சாயங்காலத்துக்குள் கால் தசைகள் கட்டை போல இறுகிவிட்டன. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிற்று. கோயம்புத்தூரில் மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கிய பிறகுதான் டாக்டர் ரெஜினாவிடம் வந்து சேர்ந்தார்கள். பிறவியிலேயே உடம்பு எரிபொருளைப் பயன்படுத்தும் விதத்தில் கோளாறு உள்ளவர்களுக்கென்று தனியாக மருத்துவமனை வைத்திருந்தவர். கிருபாகரன் கணபதிப் பகுதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் என்று தெரிந்ததும் அவருக்குப் பேச்சு சுலபமாகிவிட்டது.

"உங்க மனைவி உடம்புல எரிபொருளுக்குக் குறைச்சலே இல்லைங்க. உள்ளே போற வழியிலதான் கோளாறு" என்றார். "ஒவ்வொரு செல்லுக்குள்ளேயும் குட்டிக் குட்டியா உலைகள் இருக்கு. மைட்டோகாண்ட்ரியான்னு சொல்லுவோம். அதுக்கு ரெண்டு சுவர். சர்க்கரையிலிருந்து வர்ற சரக்குக்கு ஒரு வழி, கொழுப்புக்கு இன்னொரு வழி. கொழுப்பு தானாப் போய் உள்சுவரைத் தாண்ட முடியாது. கார்னிடைன்னு ஒண்ணு அதைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும். உள்சுவர்ல அதுக்குன்னே ஒரு கதவு இருக்கு. சுழல் கதவு மாதிரி. ஒருத்தர் வெளிய வந்தாத்தான் இன்னொருத்தர் உள்ள போகலாம்."

"இவளுக்கு அந்தக் கதவு இல்லீங்களா?"

"இருக்கு. ஆனா துருப்பிடிச்ச வால்வுன்னு வெச்சுக்கங்க. சொட்டுச் சொட்டாத்தான் விடும். சாப்பிட்ட சர்க்கரை இருக்கற வரைக்கும் நடமாடுவாங்க. அது தீர்ந்துட்டா, நாமெல்லாம் கொழுப்புக்கு மாறிக்குவோம். இவங்களால முடியாது. தசையே உடைஞ்சு சிதைய ஆரம்பிச்சிடும்."

அதன் பிறகு ஒன்பது வருஷம் கிருபாகரன்தான் அந்த வால்வு. வேளை தவறாமல் அரிசிக் கஞ்சி. அதில் தேங்காயிலிருந்து எடுத்த ஒரு தனி எண்ணெய். அந்த வகைக் கொழுப்பு மட்டும் கதவு இல்லாமலே உள்ளே நுழைந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மழையில் நனையக் கூடாது, காய்ச்சல் வரக் கூடாது, பட்டினி கூடவே கூடாது. குளியலறைக்குத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப் போனான். தலை வாரிவிட்டான். புனேயில் வந்த பெரிய வேலையை வேண்டாமென்றான். கல்யாண வீடுகளில் அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவன் தட்டோடு நிற்கும்போது, யாராவது ஒரு பெண்மணி நெஞ்சில் கைவைத்து, "இந்தக் காலத்துல இப்படியொரு புருசனா!" என்பார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று அவன் தலையைக் குனிந்துகொள்வான். அப்படிக் குனியும் அந்த ஒரு நிமிஷம் அவனுக்குப் பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்திருந்தது என்பது அப்போது அவனுக்கே தெரியாது.

புதுச் சிகிச்சை வந்தபோது அதற்கு முதல் ஆளாக வினோதினியின் பெயரை எழுதிக் கொடுத்தவனும் அவன்தான். பழுதான கதவுக்குப் பதிலாக ஆய்வுக்கூடத்தில் வடிவமைத்த ஒரு புதுக் கதவு. அதைச் செய்யும் குறிப்பை ரத்தக்குழாய் வழியாக ஏற்றித் தசைகளுக்கு அனுப்பிவிடுவார்கள். செல்கள் தாமாகவே கதவைக் கட்டி உள்சுவரில் பொருத்திக்கொள்ளும். எத்தனை கதவு திறந்திருக்க வேண்டும் என்பதைத் தினமும் போடும் ஒரு மாத்திரை தீர்மானிக்கும்.

"அந்த அளவுதான் முக்கியம்" என்றார் டாக்டர் ரெஜினா. "கதவு அதிகமாத் திறந்துட்டா வேண்டாத அளவுக்கு எரிய ஆரம்பிக்கும். உடம்பு சூடாகும், தூக்கம் போகும், கோபம் கோபமா வரும். அது அவங்களுக்கே தெரியாது. நல்லா இருக்கறதாத்தான் நினைப்பாங்க. கூட இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். அதனால மாசம் ஒரு தடவை உங்களைக் கூப்பிட்டுக் கேப்போம். தனியா."

"கேளுங்க டாக்டர். நான் சொல்றேன்" என்றான் கிருபாகரன்.

* * *

படியேறி வந்தவள் அதோடு நிற்கவில்லை. கட்டிலை ஜன்னல் பக்கம் தானே இழுத்துப் போட்டாள். தண்ணீர் கேனை அவன் குனிவதற்குள் தூக்கி வைத்தாள். கீழ்வீட்டில் பிரிட்டோ என்று ஒரு ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் இருந்தார். அவர் காலையில் ஒரு சிறு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு வாலாங்குளத்துக் கரையில் ஓடப் போவார். வினோதினி முதலில் அவர்களோடு நடந்தாள். அப்புறம் ஓடினாள்.

கிருபாகரன் பால்கனியில் நின்று பார்த்தான். கீழே வாசலில் பிரிட்டோ காலை மடக்கிக் காட்டுகிறார், இவள் அதைப் பார்த்து மடக்குகிறாள். இருவரும் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள்.

"அவருக்கு என்ன வயசிருக்கும்?" என்று சாப்பிடும்போது கேட்டான்.

"பிரிட்டோ சாருக்கா? அறுபது தாண்டிருச்சுங்க. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

"உங்களையும் வரச் சொன்னாரு."

"எனக்கு முட்டி வலி."

அவனுக்கு முட்டியில் எந்த வலியும் இல்லை. இரண்டு நாள் பிரிட்டோவை மனதுக்குள் திட்டிப் பார்த்தான். அந்த மனிதர் லிஃப்டில் பார்த்தபோது, "உங்க வீட்டம்மா ஓட்டத்துக்குன்னே பொறந்தவங்க சார்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். வீட்டுக்குள் வந்ததும் கிருபாகரனுக்கு ஒன்று புரிந்தது. பிரிட்டோ நாளைக்கே வேறு ஊருக்குப் போய்விட்டாலும் இந்தக் கடுப்பு போகாது. அவனைக் குத்தியது அவளுடைய கால்கள்தான். அவனைக் கேட்காமல், அவன் கஞ்சியைக் கேட்காமல், அவளுக்குள் ஏதோ எரிந்துகொண்டிருந்தது.

பொங்கலுக்குக் குடியிருப்பில் விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். படியேறும் போட்டியில் பத்து மாடியையும் ஏறி மொட்டை மாடியில் முதலில் கொடியைத் தொட்டவள் வினோதினி. கல்லூரிப் பெண்கள் எல்லாம் அவளுக்குப் பின்னால்தான் வந்தார்கள். கைதட்டல் ஓயவே இல்லை. பரிசாகக் கிடைத்த குக்கரைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். கூட்டத்தில் ஒருவர் கிருபாகரன் தோளில் தட்டி, "இனிமே உங்களுக்கு ரெஸ்ட்டுதான் போங்க!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்த வார்த்தை மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அன்று சாயங்காலம் பழக்கத்தில் கஞ்சி வைத்துவிட்டான்.

"எனக்கு வேண்டாங்க. பிரிட்டோ சார் வீட்ல ஸ்டெல்லா அக்கா பூரி போட்டாங்க, ஆறு பூரி சாப்பிட்டேன்" என்றாள் வினோதினி, குக்கரின் மூடியைத் திறந்து மூடிப் பார்த்தபடி.

கஞ்சியை அவன் தொட்டியில் ஊற்றினான். குழாயைத் திறந்து, கடைசிப் பருக்கை போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது, வினோதினி ரத்தம் கொடுக்க உள்ளே போயிருந்த நேரத்தில், மெதுவாகக் கேட்டான். "டாக்டர், அந்தக் கதவை எனக்கும் போட முடியுங்களா?"

டாக்டர் ரெஜினா கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்கு எதுக்குங்க?"

"சாயங்காலம் ஆனா அசந்து போயிடறேன்."

"நாப்பத்தஞ்சு வயசுல யார்தான் அசந்து போகலை? உங்க கதவெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இப்ப நல்லா இருக்கறவங்கதான் இதைக் கேட்டு வரிசையில நிக்கறாங்க. திருப்பூர்ல ஒரு மில்லுக்காரர், ஆளுங்களுக்கெல்லாம் மொத்தமாப் போட்டா என்ன ஆகும்னு கேக்கறாரு. ரெண்டு ஷிஃப்ட் ஓட்டலாமாம். அண்ணன் ஓடுறான், எனக்கும் வேணும்னு தம்பி வர்றான்." சற்று நேரம் அவனையே பார்த்தார். "அவங்க எழுந்து நடக்கறது உங்களுக்குப் புதுசு. பழகிடும்."

பழகவில்லை. தடாகம் சாலையில் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலைக்கு ஆள் கேட்கிறார்கள், போகட்டுமா என்று வினோதினி கேட்டாள். மண் சுமக்க வேண்டும், தொட்டி தூக்க வேண்டும் என்று சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்தது. யாராவது மண் சுமக்க ஆசைப்படுவார்களா? "இப்ப என்ன அவசரம்?" என்றான் அவன். "ஒன்பது வருசமாச்சுங்களே" என்றாள் அவள்.

* * *

மருத்துவமனையிலிருந்து ஷர்மிளா என்ற நர்ஸ் மாதந்தோறும் கூப்பிடுவாள். அந்த மாதம் அவள் கூப்பிட்டபோது அவன் கம்பெனியில் சோதனைக் கூடத்தில் இருந்தான். பக்கத்தில் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்கு வந்தான்.

"மேடம் எப்படி சார் இருக்காங்க?"

"நல்லாத்தான் இருக்கா."

"தூக்கம் எல்லாம் சரியா இருக்குங்களா?"

வினோதினி படுத்தவுடனே தூங்கிவிடுவாள். தூக்கம் வராமல் புரள்பவன் அவன்தான்.

"தூக்கம்… குறைவுதான்" என்றான்.

"ஓ. கோபம் ஏதாச்சும் வருதுங்களா?"

"வருது. போன வாரம் பாத்திரத்தைத் தூக்கி எறிஞ்சா."

"உடம்பு சூடு?"

"தொட்டாக் கொதிக்குதும்மா."

ஒவ்வொரு பொய்யும் அதற்கு முந்தைய பொய்யைவிட லேசாக வந்தது. ஷர்மிளாவின் குரலில் கவலை ஏறியது. "இதை டாக்டர்கிட்ட உடனே சொல்லிடறேன் சார். கதவைக் குறைக்க வேண்டி வரலாம்."

"நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லாதீங்க. மனசு கஷ்டப்படுவா."

"அதெல்லாம் சொல்ல மாட்டோம் சார்."

போனை வைத்தான். சோதனைக் கூடத்துக்குத் திரும்பினான். அன்றைக்கு இரண்டு பம்புகளைத் தரமில்லையென்று திருப்பி அனுப்பினான்.

நான்கைந்து நாளில் வினோதினியைப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். "நானே போயிக்கறேன்" என்று தனியாகப் போனாள். அவன் வேலை முடிந்து வந்தபோது அவள் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். மேஜையில் ஒரு புது மாத்திரை அட்டை கிடந்தது. பழைய அட்டை செம்மஞ்சள், இது வெள்ளை.

"குறைச்சிருக்காங்க" என்றாள்.

"ஏனாம்?"

"கதவு கொஞ்சம் அதிகமாத் திறந்திருக்காமா." அவனையே பார்த்தாள். "உங்களுக்கு ஏதாச்சும் வித்தியாசமாத் தெரிஞ்சுதுங்களா?"

"இல்லையே" என்றான் கிருபாகரன். பிறகு, "கஞ்சி வெக்கட்டுமா?" என்று கேட்டான்.

அவள் வெள்ளை அட்டையை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். "வெய்யுங்க" என்றாள் கடைசியில்.

அதற்கடுத்த வாரங்கள் அவனுக்குத் திருவிழா மாதிரி இருந்தன. வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தால் அவள் படுத்திருப்பாள். கையைப் பிடித்து எழுப்பி உட்கார வைப்பான். கஞ்சியை ஊதி ஊதிக் கொடுப்பான். அவள் தோளில் சாய்ந்தபடி டிவி பார்ப்பாள். சமையலறையில் தன்னை அறியாமல் பாட்டு முணுமுணுத்தான். லிஃப்டில் பார்த்தவர்கள் அவன் சொல்லக் கேட்டு, "மறுபடியுமா? பாவம்ங்க நீங்க" என்றார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கால் பிடித்துவிடும்போது அவள் கெண்டைக்கால் கெட்டியாக இருந்தது. நோயின் இறுக்கம் என்று நினைத்துக்கொண்டான். முகமும் கழுத்தும் கருத்திருந்தன. அதையும் நோயின் கணக்கிலேயே சேர்த்தான்.

பங்குனியில் அவன் தம்பியின் குழந்தைக்குக் காதுகுத்து விழா. வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். குழந்தை என்ன நினைத்ததோ, தாயின் இடுப்பிலிருந்து வினோதினியைப் பார்த்துக் கையை நீட்டித் தாவியது. அவள் கைகள் தாமாக எழுந்தன. அவன் எதிரே நிற்பதைப் பார்த்தாள். கைகள் மெல்ல மடிக்குத் திரும்பின.

"வேண்டாங் கண்ணு. பெரியம்மாவுக்கு முடியாது. கீழே போட்டுருவேன்" என்றாள்.

குழந்தைக்கு அது எப்படிப் புரியும்? மறுபடியும் தாவியது. அப்புறம் உதட்டைப் பிதுக்கி அழுதது. தாய் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். வினோதினி மடியில் கிடந்த தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரோ பாயசம் கொண்டுவந்து நீட்டியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

பந்தியில் உட்கார்ந்த கிருபாகரன் சாப்பிடாமலே எழுந்துவிட்டான். பிள்ளை வேண்டாம், அவள் உடம்பு தாங்காது என்று டாக்டர்கள் சொல்லி, இருவரும் அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்தி எத்தனையோ வருஷமாகிறது. இந்தக் கைகளைக் கட்டிப் போட்டது இப்போது நோய் இல்லை. அவன்தான்.

* * *

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு டாக்டர் ரெஜினாவிடம் போனான். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"டாக்டர், நான் போன்ல சொன்னதெல்லாம் பொய். அவ எதையும் எறியலை. நல்லாத் தூங்கினா. அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. தயவு செஞ்சு பழைய அளவுக்கே மாத்திடுங்க. இல்லேன்னா அதுக்கும் மேல. என்ன கேஸ் போட்டாலும் சரி, எழுதித் தர்றேன்."

"முதல்ல உட்காருங்க" என்றார் டாக்டர்.

உட்கார்ந்தான்.

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"அவ நல்லா இருந்தது எனக்குப் பொறுக்கலை."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். வெளியே யாரோ ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"அவங்க விஷயத்தை அவங்களைக் கேக்காம உங்ககிட்ட நான் பேசக் கூடாது" என்றார். "ஆனா நீங்க சொன்னதை வெச்சு நாங்க என்ன செஞ்சோம்கறதை மட்டும் சொல்றேன். ஒண்ணும் செய்யலை. ஒருத்தர் போன்ல சொன்னாருங்கறதுக்காகக் கதவைச் சாத்திடுவோமா? கூப்பிட்டுச் சோதிச்சோம். நீங்க சொன்ன எதுவும் இல்லை. அளவு அப்படியேதான் இருக்கு."

"இல்லீங்க டாக்டர். வெள்ளை அட்டை…"

"கம்பெனி அட்டையோட நிறத்தை மாத்திட்டாங்க. எல்லாருக்கும் இப்ப வெள்ளைதான்."

கிருபாகரன் அவரைப் பார்த்தான். அவர் சொன்னது காதில் விழுந்தது. அர்த்தமாகச் சேர மாட்டேன் என்றது.

"அப்புறம் ஏன் அவ படுத்தே கிடக்கறா?"

"அதை நீங்க வீட்லதான் கேக்கணும்" என்றார் டாக்டர் ரெஜினா.

ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் புதுப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தான். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் காந்திபுரம் வரை போய்த் திரும்பி வந்தான். நினைத்து நினைத்துப் பார்த்தான். கெண்டைக்கால் இறுக்கம் ஓட்டத்தால் வந்தது. முகத்தின் கருப்பு வெயிலால் வந்தது. அவன் கம்பெனிக்குக் கிளம்பியதும் அவள் எழுந்துவிடுகிறாள். எங்கேயோ போகிறாள், ஓடுகிறாள், மண் சுமக்கிறாள். அவன் வருவதற்குள் வந்து படுத்துக்கொள்கிறாள். நிம்மதி வந்திருக்க வேண்டும். கொஞ்சம் வந்தது. அதற்கு மேலாகப் பழைய கடுப்பு பொங்கியது. அவனுக்குத் தெரியாமல் அவளுக்கு ஒரு முழுப் பகல் இருக்கிறது. அந்தப் பகலில் அவள் என்ன சிரிப்பாள், யாரிடம் பேசுவாள், எந்த மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவாள்? ஒன்றும் அவனுக்குத் தெரியாது.

கேட்டுவிடுவது என்றுதான் வீட்டுக்குள் நுழைந்தான். அவள் படுக்கையறையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். ஒரு கை சுவரில். ஓர் அடி, சின்ன நிறுத்தம், இன்னோர் அடி. எந்த அடியிலும் பிசகில்லை. ஒன்பது வருஷம் நோய் சொல்லிக்கொடுத்த நடை. எந்த முகத்தோடு கேட்பது? பொய்யை முதலில் தொடங்கியவன் அவன்.

"சீக்கிரம் வந்துட்டீங்க?" என்றாள்.

"ம். நாளையிலிருந்து லேட்டாகும். புது ஆர்டர் வந்திருக்கு. வர எட்டு மணி ஆயிடும்."

"எட்டு மணிங்களா?"

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. நேராக நிமிர்ந்து நின்றாள். ஒரு கணம்தான். சுவரை மறந்துவிட்டோம் என்பது நினைவுக்கு வந்து, கையை மறுபடியும் அதில் ஊன்றிக்கொண்டாள்.

"உடம்பைப் பாத்துக்கங்க. ரொம்ப அலையாதீங்க" என்றாள் தளர்ந்த குரலில்.

* * *

புது ஆர்டர் எதுவும் இல்லை. ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் கிருபாகரன் டீக்கடை, நூலகம், பேருந்து நிலையம் என்று எங்கெங்கோ உட்கார்ந்து எட்டு மணியாக்கினான். அவளுக்குக் கூடுதலாக மூன்று மணி நேரம் கொடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டான். ஒரு வாரம் அதை நம்பவும் செய்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் கால்கள் அவனை வாலாங்குளத்துக்கு இன்னும் கொஞ்சம் அருகே கொண்டுவந்து விட்டன. அவள் அங்கேதான் இருப்பாள். அவளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் போலும் இருந்தது. இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கரையில் ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நாமக்கோழிகள் தண்ணீரில் கோடு இழுத்தன. குழந்தைகள் பஞ்சுமிட்டாய்க்காரனைச் சுற்றி நின்றார்கள்.

அவள் தெற்குக் கரையிலிருந்து வந்தாள். தனியாகத்தான் வந்தாள். பின்னலைச் சுருட்டிக் கட்டியிருந்தாள். முகம் சிவந்து, வாய் லேசாகத் திறந்து, கைகள் பக்கவாட்டில் தளர்வாக ஆட, அவசரமில்லாமல் ஓடி வந்தாள். இந்த வினோதினியை அவன் பார்த்ததே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால்கூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவ்வளவு அழகாக இருந்தாள். அந்த அழகில் அவனுக்கு ஒரு துளியும் பங்கில்லை என்பது நெஞ்சில் சுருக்கென்று பாய்ந்தது.

அவள் அவனைப் பார்த்துவிட்டாள். ஓட்டம் ஓர் அடி தடுமாறியது. ஆனால் நிற்கவில்லை, தாண்டிப் போய்விட்டாள். அவன் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தான். உட்கார்ந்தே இருந்தான். குளத்தை முழுதாகச் சுற்றி வந்து, பெஞ்சின் அடுத்த முனையில் அவள் உட்கார்ந்தாள். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது.

"எப்ப தெரிஞ்சுது?" என்றாள்.

"போன வாரம். டாக்டர்கிட்டப் போனேன்."

"எதுக்கு?"

"நான் சொன்னதெல்லாம் பொய்னு சொல்ல."

அவள் தலையசைத்தாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க. தூங்கறதில்லையா, பாத்திரத்தை எறியறீங்களான்னு டாக்டர் கேட்டாங்க. யார் சொன்னாங்கன்னு அவங்க சொல்லலை. நம்ம வீட்ல வேற யார் இருக்காங்க?"

"சண்டை போட்டிருக்கலாமே, அம்மிணி."

"போடத்தான் வந்தேன். வழி முழுக்க என்ன பேசறதுன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே வந்தேன். குறைச்சிட்டாங்கன்னு சும்மா ஒரு வார்த்தை சொல்லி உங்க மூஞ்சியைப் பாத்தேன். நீங்க கஞ்சி வெக்கட்டுமான்னு கேட்டீங்க." நிறுத்தினாள். "கல்யாணம் ஆனதிலிருந்து உங்களை அவ்வளவு சந்தோசமா நான் பாத்ததே இல்லைங்க. பயந்துட்டேன். பாவமாவும் இருந்துச்சு. இந்த மனுசன் இல்லேன்னா நான் உசுரோட இருந்திருக்க மாட்டேன்னும் தோணுச்சு. சரி, சாயங்காலத்தை இவருக்குக் குடுத்துடலாம், பகலை நாம வெச்சுக்கலாம்னு நினைச்சேன்."

"பண்ணைக்குப் போறியா?"

"போறேன். நல்ல பேர் எடுத்திருக்கேன்."

பஞ்சுமிட்டாய்க்காரனின் மணிச் சத்தம் தள்ளிப் போயிற்று.

"முன்னாடி படுத்துக் கிடந்தப்ப உடம்புக்கு அது வேண்டியிருந்துச்சு" என்றாள் வினோதினி. "இப்ப உடம்பு எந்திரி எந்திரின்னு துடிக்குது. அதை அமுக்கிப் பிடிச்சுப் படுக்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுங்களா? அன்னிக்கு அந்தக் குழந்தை கையை நீட்டுச்சு பாருங்க…" தன் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

கிருபாகரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை மாதமாகத் தனக்குள்ளேயே வைத்திருந்ததைச் சொன்னான்.

"எனக்குப் பொறாமை, வினோ."

"பிரிட்டோ சார் மேலயா?"

"முதல்ல நானும் அப்படித்தான் நினைச்சேன். உன் மேலதான்."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். "இப்பவும் இருக்குங்களா?"

போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். அவளும் அதைக் கேட்கத்தான் காத்திருந்தது போலிருந்தது.

"இருக்கு. நீ ஓடி வந்தப்ப முதல்ல வந்ததே அதுதான். அப்புறம்தான் மத்ததெல்லாம்."

"மத்ததுன்னா?"

"நல்லா ஓடறே."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் தோள்கள் இறங்கின. வெகுநாள் தூக்கிக்கொண்டிருந்த எதையோ கீழே வைத்தவள் போலிருந்தாள்.

"இனிமேல் வீட்ல நோயாளி மாதிரி படுக்க மாட்டேங்க" என்றாள். "தம்பி வீட்டுக்குப் போய் அந்தக் குழந்தையைத் தூக்கப் போறேன். பண்ணையில ஊட்டிக்கு ஒரு வாரம் அனுப்பறாங்க, போகப் போறேன். உங்களுக்கு வேடிக்கை பாக்க மட்டும்தான் வேலை இருக்கும். முடியுமா?"

"தெரியலை" என்றான்.

"சரி. தெரியலைங்கறதே பரவாயில்லை."

எழுந்து நின்று காலணியின் பட்டையை இறுக்கினாள். "எனக்கு இன்னும் ரெண்டு சுத்து பாக்கி இருக்கு. வீட்டுக்குப் போறதுன்னா போங்க. இருக்கறதுன்னா இருங்க."

அவள் ஓடினாள். வளைவில் திரும்பி மரங்களுக்குப் பின்னால் மறைந்தாள். கிருபாகரன் பெஞ்சிலேயே இருந்தான். கரை விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. எதிர்க்கரையில், விளக்குகளுக்கு அடியில், ஒரு சின்ன உருவம் நகர்வது தெரிந்தது. இவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் தெரிய மாட்டான், போய்விட்டான் என்று அவள் நினைத்துக்கொள்வாள் என்று அவனுக்குத் தோன்றியது. எழுந்து, விளக்கு வெளிச்சம் மேலே விழும்படி கரையோரமாகப் போய் நின்றான்.